புத்தகத்தில் 6 மணி, வீட்டு வாசலில் 9 மணி

யாழ்ப்பாண நகரத்துப் புடவைக் கடை ஒன்றில் மூன்றரை வருடமாகக் காசாளராக இருக்கும் 29 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் கடையும் வேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடையில் மொத்தம் 11 பேர். காலை 9 மணிக்குத் திறப்பு, இரவு 8 மணிக்குப் பூட்டு. லாச்சிக் காசை எண்ணிக் கணக்கை ஒப்படைத்துவிட்டு இவர் வெளியே வர 8.30 ஆகிவிடும். திங்கள் முதல் சனி வரை இதே நேரம்தான். தீபாவளி, பொங்கல், நல்லூர்த் திருவிழாக் காலங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு.

ஆனால் கடையின் வரவுப் புத்தகம் வேறு கணக்குச் சொல்கிறது. அது ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட சாதாரணக் கோட்டுக் கொப்பி. மாத முடிவில் முதலாளியின் மருமகன் ஒரே நீலப் பேனையால் எல்லோருக்கும் "வந்தது 9.00, போனது 6.00" என்று நிரப்பிக்கொண்டு வருவார். சம்பளம் வாங்குகிற அன்று எல்லோரும் வரிசையாக நின்று கையெழுத்து வைக்க வேண்டும். இவருக்குச் சம்பளம் 36,000 ரூபா. மேலதிக நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை. ஒருமுறை கேட்டபோது, "பிள்ளை, மாதச் சம்பளக்காரருக்கு ஓ.டி. கிடையாது. தீபாவளிக்குச் சீலையும் பத்தாயிரமும் தாறன்தானே" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். நியமனக் கடிதமும் கிடையாது. வீட்டில் அம்மாவும் படிக்கிற தம்பியும் இவர் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள்.

"எனக்கு உரிமை ஏதும் இருக்கிறதா? நானே கையெழுத்து வைத்த பிறகு கேட்கலாமா? முறைப்பாடு செய்தால் வேலை போய்விடுமே" என்று கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு விஷயங்களையும் எழுதியிருந்தார். போன மே தினத்திலும் தீபாவளி அன்றும் வேலை செய்தாராம், இரண்டுக்கும் இரட்டைச் சம்பளம் வர வேண்டும் என்று ஒரு தோழி சொன்னாராம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் 24,000 ரூபாதான் கொடுக்கிறார்களாம்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். "நான் பேராசைப்படுகிறேனோ தெரியவில்லை" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். செய்த வேலைக்குக் கூலி கேட்பது பேராசை ஆகாது.

மாதச் சம்பளம் என்றால் ஓ.டி. இல்லையா?

இது நம் ஊர்க் கடைகளில் ஆழமாக வேரூன்றிய ஒரு தப்பான எண்ணம். முதலாளிமார் மட்டும் இல்லை, வேலை செய்பவர்களே நம்புகிறார்கள். உங்கள் கடைக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அதன்படி சாப்பாட்டு நேரத்தைக் கழித்து ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், ஒரு வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை தர வேண்டும். நடைமுறையில் அது ஞாயிறு முழுநாளும் சனிக்கிழமை அரைநாளும் என்று வரும். நீங்கள் சனிக்கிழமை அரைநாளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இந்த அளவுக்கு மேல் வேலை செய்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கும் இதே சட்டம்தான். மாதச் சம்பளத்தை 240 ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலக் கூலி வரும். உங்கள் 36,000 ரூபாவை அப்படிப் பிரித்தால் 150 ரூபா. அதன் ஒன்றரை மடங்கு 225 ரூபா.

இப்போது உங்கள் கிழமையைப் பார்ப்போம். காலை 9 முதல் இரவு 8.30 வரை பதினொன்றரை மணித்தியாலம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் பத்தரை. ஆறு நாளைக்கு 63. அதில் 45ஐக் கழித்தால் 18 மணித்தியாலம் மேலதிகம். 18ஐ 225 ஆல் பெருக்கினால் ஒரு கிழமைக்கு 4,050 ரூபா, நான்கு கிழமைக்கு 16,200 ரூபா. உங்கள் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட வருகிறது. தீபாவளிக்கு வருகிற பத்தாயிரத்தையும் சீலையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்பளிப்பை அன்பளிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், அதில் பிழை இல்லை. ஆனால் அதைக் காட்டிச் சட்டம் தருகிற மேலதிக நேரக் கொடுப்பனவைக் கழித்துவிட முடியாது.

இந்தக் கணக்கில் இரண்டு கவனம் வேண்டும். முந்தைய வருடங்களுக்கு அந்தந்தக் காலத்துச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இன்றைய 36,000ஐ மூன்றரை வருடத்துக்கும் பெருக்கிக்கொண்டு போனால் முதல் விசாரணையிலேயே உங்கள் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடும். அடுத்தது, ஒரு கிழமையில் 12 மணித்தியாலத்துக்கு மேல் மேலதிக நேரம் வேலை வாங்கவே சட்டம் இடம் தரவில்லை. உங்களிடம் 18 வாங்கியிருக்கிறார்கள். அதனால் மிச்ச 6 மணித்தியாலத்துக்குக் காசு இல்லை என்று நினைக்க வேண்டாம். வரம்பை மீறியது அவர்களுடைய தவறு, உழைத்தது நீங்கள்.

சாப்பாட்டு நேரம் என்று நான் ஒரு மணித்தியாலம் கழித்திருக்கிறேன். நீங்களோ "பில் போட ஆள் வந்தால் கையைக் கழுவிவிட்டு ஓட வேண்டும், இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது" என்கிறீர்கள். அப்படியானால் அந்த நாற்பது நிமிடமும் வேலை நேரம்தான். அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம்.

மே தினமும் தீபாவளியும்

உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. தனியார் துறைக் கடைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய சட்ட விடுமுறை நாட்கள் வருடத்துக்கு எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு அடுத்த நாள், மீலாதுன் நபி, நத்தார். மே தினத்தில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வருடம் முடிவதற்குள் சம்பளத்துடன் வேறொரு நாள் லீவு தர வேண்டும். உங்களுக்கு இரண்டும் கிடைக்கவில்லை, ஆகவே கேட்கலாம்.

தீபாவளி அந்த எட்டில் இல்லை. அரசாங்க அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அன்று விடுமுறை, கடைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சொல்லும்போது எனக்கே மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நம் வீடுகளில் எண்ணெய் வைத்து முழுகுகிற நாளில் நீங்கள் கடையில் நின்றிருக்கிறீர்கள். என்றாலும் சட்டத்தில் இல்லாததைக் கேட்டு, இருக்கிறதைப் பலவீனமாக்க வேண்டாம். அன்று எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருந்தால் அந்த மேலதிக நேரத்தைக் கேட்கலாம். நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், வேலை செய்தால் அன்றைய கூலி ஒன்றரை மடங்கு. வருடத்துக்குப் பன்னிரண்டு போயாவாவது வரும். கலண்டரை எடுத்து எந்தெந்தப் போயாவுக்குக் கடை திறந்திருந்தது என்று பாருங்கள்.

"நான்தானே கையெழுத்து வைத்தேன்"

உங்களைப் பயமுறுத்துவது இதுதான் என்று தெரிகிறது. சரியாகவே பயப்படுகிறீர்கள், ஆனால் தேவைக்கு அதிகமாகப் பயப்படுகிறீர்கள். வேலை நேரத்தை உண்மையாகப் பதிந்து வைக்க வேண்டியது முதலாளியின் கடமை. அதை ஊழியரின் தலையில் சட்டம் போடவில்லை. நீங்கள் கையெழுத்து வைத்ததால் 8.30 என்பது 6 மணியாக மாறிவிடாது. சட்டம் தருகிற குறைந்தபட்ச உரிமையை ஊழியர் சம்மதித்தும் விட்டுக்கொடுக்க முடியாது. சம்பளக் காசைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் போடு" என்று நீட்டினால், வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய ஒருவர் போடத்தான் செய்வார். விசாரணை செய்கிறவர்களுக்கும் இது தெரியும்.

ஆனாலும் அந்தக் கையெழுத்தை முதலாளி தூக்கிக் காட்டுவார். "பாருங்கள், 6 மணிக்குப் போய்விட்டேன் என்று அவவே ஒப்பமிட்டிருக்கிறா" என்பார். அதற்குப் பதில் சொல்ல உங்கள் வாய் வார்த்தை மட்டும் போதாது. ஆகவே இந்தக் கடிதத்தில் நான் அதிக இடம் கொடுப்பது அடுத்த விஷயத்துக்குத்தான்.

உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பவை

முதலில் அந்தக் கொப்பியையே பாருங்கள். நீங்கள் சொன்ன மாதிரி ஒரே பேனை, ஒரே கை, 11 பேருக்கும் மாதம் முழுக்க 6.00. மழைக்கும் வெயிலுக்கும், நல்லூர்த் தேருக்கும் தீர்த்தத்துக்கும், சனிக்கிழமைக்கும் அதே 6.00. உண்மையாக எழுதிய எந்த வரவுப் புத்தகத்திலும் 6.04, 5.57 என்று கலந்துதான் வரும். இவ்வளவு ஒழுங்காக இருப்பதே அதைச் சந்தேகத்துக்குரியதாக்குகிறது. தொழில் உத்தியோகத்தர் ஒருவர் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் அவர் முதலில் கேட்கப்போகிற கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, உங்கள் பில் இயந்திரம். கடை பூட்டியதும் அன்றைய மொத்தத்தைக் காட்டும் சீட்டு ஒன்று வரும் என்றும், அதில் நேரமும் உங்கள் இலக்கமும் அச்சாகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 6 மணிக்கு வீட்டுக்குப் போன காசாளரின் இலக்கத்தில் இரவு 8.17க்கு எப்படிச் சீட்டு வரும்? ஆனால் அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், கணக்குப் பக்கங்களைப் படமும் எடுக்காதீர்கள். அது கடையின் ஆவணம். "களவெடுத்தாள்" என்று ஒரு பழியைப் போட நீங்களே வழி திறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் சீட்டில் வந்த நேரத்தை உங்கள் சொந்தக் கொப்பியில் எழுதுங்கள், போதும். விசாரணையில் அந்தப் பதிவுகளைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம்.

மூன்றாவதை நீங்கள் சாட்சி என்று நினைத்தே எழுதவில்லை, போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் வீட்டுக்கு இருட்டு ஒழுங்கை. அதனால் கடையை விட்டு இறங்கும்போது ஒவ்வொரு இரவும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் "வெளிக்கிட்டிட்டன்" என்று போடுவீர்கள், அவன் சைக்கிளோடு வந்து நிற்பான். தங்கச்சி, நீங்கள் வேலை முடிந்த நேரத்தை மூன்றரை வருடமாக நாள் தவறாமல் பதிந்து வந்திருக்கிறீர்கள்! அந்தச் செய்திகள் வழக்கை நினைத்து எழுதியவை இல்லை, ஒரு தம்பிக்கு அக்கா எழுதியவை. அதனாலேயே அவற்றை நம்புவார்கள். ஒன்றையும் அழிக்க வேண்டாம். தம்பியின் போனிலும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போன் மாற்றுகிற எண்ணம் இருந்தால் முதலில் உரையாடலை முழுதாகப் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள்.

கடையின் வாட்ஸ்அப் குழுவில் "ஞாயிறு எல்லாரும் வரவேணும்", "இண்டைக்கு ஸ்டொக் எடுக்கிறம், 9 மணி ஆகும்" என்று வந்த செய்திகளும் அதே மாதிரிப் பெறுமதியானவை.

இன்றிலிருந்து ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். திகதி, வந்த நேரம், சாப்பிட்ட நேரம், இறங்கிய நேரம், அன்று யார் யார் நின்றார்கள். அன்றன்று எழுதுங்கள். கிழமைக் கடைசியில் ஏழு நாளையும் சேர்த்து எழுதினால் அது மருமகனின் சீ.ஆர். கொப்பி மாதிரி ஆகிவிடும்.

நியமனக் கடிதம் இல்லை என்பது உங்கள் குறை கிடையாது. அதைக் கொடுக்க வேண்டியது அவர். நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள் என்பதற்கு ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு நல்ல சாட்சி. உங்களிடம் 8 சதவீதம் கழித்து, முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் தனியாக 3 சதவீதம். 36,000க்கு அவை முறையே 2,880, 4,320, 1,080 ரூபா. கணக்குக் கூற்றை எடுத்துச் சரிபாருங்கள். நேரம் எழுதுவதில் உண்மை இல்லாத இடத்தில் இதிலும் குறை இருக்கலாம். மேலதிக நேரக் காசுக்குச் சேமலாப நிதி கழிப்பதில்லை, அதையும் தெரிந்து வையுங்கள்.

எங்கே போவது, என்ன நடக்கும்

உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, முதலாளியிடமே பேசுவது. தனியாகப் போகாதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, பழைய நிலுவையைப் பற்றி வாயே திறக்காமல், "அடுத்த மாதத்திலிருந்து உண்மையான நேரத்தை எழுதுவோம்" என்று மட்டும் கேளுங்கள். சில முதலாளிமார் சட்டம் தெரியாமலே இப்படி நடத்துகிறார்கள். கணக்காளர் ஒருவர் சொன்னதும் திருத்திக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஏற்கெனவே கேட்டு மறுத்துவிட்டார் என்பதால் உங்கள் விஷயத்தில் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேட்டோம் என்பது பின்னால் உதவும்.

இரண்டாவது, பெயரை வெளியே விடாமல் யாழ்ப்பாண மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு அறிவிப்பது. தொழில் உத்தியோகத்தர் கடைக்கு வந்து பதிவேடுகளைப் பார்க்கலாம், ஊழியரிடம் விசாரிக்கலாம். முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே பரிசோதனை செய்யும்படி கேளுங்கள். அந்தப் புதுப் பிள்ளைகளின் விஷயம் இதற்கு வலுச் சேர்க்கும். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்துவிட்டது. 24,000 கொடுப்பது நேரடியான சட்ட மீறல். அதை நிரூபிக்க மணிக்கூடும் தேவையில்லை, சம்பளத் தொகையே போதும். இந்த வழியில் கடை திருந்தலாம், ஆனால் உங்கள் பழைய நிலுவை கைக்கு வராது.

நிலுவை வேண்டுமென்றால் மூன்றாவது வழிதான். உங்கள் பெயரிலேயே எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை. இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், முதலாளி பதிவேடுகளைக் கொண்டுவர வேண்டும். நிலுவை உண்டு என்று முடிவாகியும் அவர் கட்டாவிட்டால் திணைக்களம் நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம். இது ஒரு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை. தவணைகள் போகும், முதலாளி வராமல் விடுவார், நீங்கள் லீவு போட்டு அலைய வேண்டிவரும். இடையில் ஒரு தொகை சொல்லிச் சமாதானம் பேசுவார்கள். உங்கள் கணக்கில் பாதிக்கு மேல் வருமானால் யோசிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் வீட்டு நிலைமைக்கு இரண்டு வருட இழுபறியைவிட அது நல்லதாக இருக்கலாம். முடிவு உங்களுடையது.

வேலை போய்விடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். போகாது என்று நான் சொன்னால் அது பொய். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமாக இருந்தால் தொழில் ஆணையாளரின் அனுமதி இல்லாமல் நிறுத்துவதைத் தடுக்கிற சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் கடையில் 11 பேர் என்பதால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் நியாயமில்லாமல் நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போய் மீண்டும் வேலையையோ நட்டஈட்டையோ கேட்கலாம். நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். "பார்ப்போம், பார்ப்போம்" என்று அந்தக் காலத்தைத் தவறவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. அப்படி ஒரு நிலை வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவி செய்வார்கள்.

கோபத்தில் நீங்களாக இராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். "எனக்கு வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது" என்று எழுதிய எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். கடையின் வரவுக் கொப்பியில் வைக்கிற கையெழுத்துக்கும் இந்தக் கடதாசியில் வைக்கிற கையெழுத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இதைச் சமாளிப்பது கஷ்டம்.

வருகிற சம்பள நாளன்று அந்த நீலப் பேனைக் கொப்பி வந்தால் என்ன செய்வது என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். அன்றே மறுத்துச் சண்டைக்குப் போக வேண்டாம், உங்கள் சாட்சிகள் இன்னும் ஒழுங்காகவில்லை. கையெழுத்தின் பக்கத்தில் அன்றைய திகதியைப் போடுங்கள். மாதம் முழுவதற்கும் ஒரே நாளில் ஒப்பம் வாங்கியிருக்கிறார்கள் என்பது அந்தத் திகதியிலேயே தெரியும். திகதி போடக்கூடாது என்று தடுத்தால், யார் தடுத்தார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார் என்று அன்றிரவே உங்கள் கொப்பியில் எழுதுங்கள். தம்பிக்கு வழக்கம்போல "வெளிக்கிட்டிட்டன்" என்று போட மறக்காதீர்கள்.